பண்டிதர் என்னும் வைத்தியர்



தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1859 ஆகஸ்ட் 2 அன்று பிறந்தார்; 1919 ஆகஸ்ட் 31 அன்று மறைந்தார். பிறந்ததும் ஆகஸ்ட், மறைந்ததும் ஆகஸ்ட். அந்த ஆகஸ்டில்தான் நாமும் இங்கே கூடியிருக்கிறோம். அவரைப் பற்றிப் பேசக் கூடினால் நாம் வழக்கமாக என்ன பேசுகிறோம்? சுருதி இருபத்திரண்டா, இருபத்துநான்கா என்று பேசுகிறோம். சிலப்பதிகாரத்துக்கும் கர்நாடக சங்கீதத்துக்கும் உள்ள உறவைப் பேசுகிறோம். ‘கருணாமிர்த சாகரம்’ என்ற அந்தப் பெரிய புத்தகத்தின் கனத்தைக் கையால் தூக்கிக் காட்டிப் பேசுகிறோம். எல்லாம் சரி. பேசவேண்டியவைதான். ஆனால் நான் இன்று அதைப் பேச வரவில்லை.

நான் கேட்கவந்தது ஒரே ஒரு கேள்வி. அந்த மனிதர் வீட்டு அடுப்பு எதைக்கொண்டு எரிந்தது?

பாட்டால் எரியவில்லை. சமஸ்தான மானியம் எதுவும் அவருக்கு இல்லை. ஜமீன்தார் யாரும் அவரைத் தாங்கவில்லை. காலையில் எழுந்தால் அவர் வாசலில் காத்திருந்தவர்கள் பாகவதர்கள் அல்லர், நோயாளிகள். அவர் ஒரு சித்த வைத்தியர். பிழைப்புக்கு வைத்தியர், பழக்கத்தில் வைத்தியர், பட்டப்பெயரிலும் வைத்தியர். இசையை ஆராய்ந்த பண்டிதரை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. மருந்து அரைத்த பண்டிதரை மறந்துவிட்டது. பிள்ளைகளைப் படிக்கவைத்து, மகள்களை வீணையோடு சபையேற்றிய குடும்பத்தலைவரை அறவே மறந்துவிட்டது. பாதி மனிதரைக் கொண்டாடுவது என்ன கொண்டாட்டம்? மீதிப் பாதியைப் பற்றித்தான் இன்று என் பேச்சு.

அவர் தஞ்சாவூர்க்காரர் அல்லர். தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். தந்தை முத்துசாமி, தாய் அன்னம்மாள். கிறிஸ்தவக் குடும்பம். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். வயலின் கற்றதும் திண்டுக்கல்லில்தான். சடையாண்டி பத்தர் என்பவரிடம். அந்த நாட்களிலேயே அவருக்கு மூலிகைப் பித்து. அந்தப் பித்து அவரைக் கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள சுருளிமலைக்கு இழுத்துக்கொண்டு போனது. அங்கே கருணானந்தர் என்ற முனிவரைக் கண்டு அவரிடம் சித்த மருத்துவம் கற்றார்.

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். அவருக்குக் குரு ஒரு மலைச் சாமியார். இது அன்றைக்கு யாருக்கும் உறுத்தவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவருக்கு உறுத்தவில்லை. பின்னால் அவர் வைத்த பெயர்களைப் பாருங்கள். வைத்தியசாலைக்குக் கருணாநிதி வைத்தியசாலை. மருந்துகளுக்குக் கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள். தோட்டத்துக்குக் கருணானந்தபுரம். புத்தகத்துக்குக் கருணாமிர்த சாகரம். அச்சுக்கூடத்துக்கு மட்டும் ஆளுநர் லாலியின் பெயரை வைத்தார். துரைக்கு ஒன்று, குருவுக்கு நான்கு. கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

1882இல் திருமணம். மணமகள் ஞானவடிவு பொன்னம்மாள். 1883இல் கணவனும் மனைவியும் தஞ்சாவூருக்கு வந்து, லேடி நேப்பியர் பெண்கள் பாடசாலையில் இருவரும் ஆசிரியப் பணியில் சேர்ந்தார்கள். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால், தம்பதி இருவரும் ஒரே பள்ளியில் சம்பளம் வாங்கும் வேலை. இன்றைக்கும் நம் வீடுகளில் மருமகள் வேலைக்குப் போவதா வேண்டாமா என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, இல்லையா?

அவர்கள் வந்து இறங்கிய தஞ்சாவூர் எப்படிப்பட்ட ஊர்? அதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஏனென்றால் அந்த ஊர்தான் ஒரு வாத்தியாரை வைத்தியராக்கியது.

மருத்துவத்துக்குத் தஞ்சை புதிய ஊர் அல்ல. 1798 முதல் 1832 வரை இங்கே அரசராக இருந்த இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மகால் என்று ஓர் அமைப்பையே நடத்தினார். நம் நாட்டு மருந்து, மேலை நாட்டு மருந்து இரண்டையும் ஒரு கூரையின் கீழ் வைத்துச் சோதித்த இடம் அது. கண் நோயாளிகளின் கண்ணைப் படமாக வரைந்து, நோய்க்குறிப்பு எழுதிவைத்த ஏடுகள் சரசுவதி மகாலில் இன்றும் இருக்கின்றன. அங்கே கைகண்ட மருந்துகளைத் தமிழில் பாட்டாகவே பாடிவைத்தார்கள். ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்று அவை நூல்களாக வந்திருக்கின்றன. அரசு போனது. அரண்மனை வைத்தியமும் போனது. பிறகு மிராசுதார்கள் கொடுத்த பணத்தில் ஓர் ஆஸ்பத்திரி எழுந்தது. பெயரிலேயே அந்தப் பணத்தைச் சுமந்துகொண்டு இன்றும் நிற்கிறது, நம் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரி.

சரி, ஆஸ்பத்திரி தஞ்சாவூரில் இருக்கிறது. நோய் எங்கே இருக்கிறது? நோய் வயலில் இருக்கிறது. வாய்க்காலில் இருக்கிறது. தலைமடையில் குளித்த தண்ணீரைக் கடைமடையில் குடிக்கிறார்கள். ஒரு தெருவில் வாந்திபேதி கண்டால் அடுத்த தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற ஆரம்பித்துவிடும். இந்தத் தம்பதி தஞ்சைக்கு வந்த அதே 1883இன் கடைசியில்தான் ராபர்ட் கோக் என்ற ஜெர்மானியர் கல்கத்தாவுக்கு வந்தார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில், அங்குள்ள காலராப் பிணங்களிலும் குளத்துத் தண்ணீரிலும் அந்தக் கிருமியைப் பிரித்துக் காட்டினார். கிருமி தெரிந்துவிட்டது, மருந்து தெரியவில்லை. உடம்பில் வற்றிப்போன நீரை உப்புநீராக நரம்பில் ஏற்றிப் பிழைக்கவைக்கும் முறையை லியோனார்ட் ராஜர்ஸ் கல்கத்தாவில் செம்மைப்படுத்தியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதுவரை ஆங்கில டாக்டருக்கும் கைவிரிப்பு, நாட்டு வைத்தியருக்கும் கைவிரிப்பு.

வாந்திபேதியை விடுங்கள். அது வந்துபோகிற நோய். போகாத நோய்கள் எத்தனை! கும்பகோணத்தையே கேலிக்கு ஆளாக்கிய யானைக்கால். நடவு நாளில் காலையிலிருந்து மாலைவரை சேற்றில் நிற்கிற பெண்களின் விரலிடுக்கில் வெந்து வெளுத்துப் பிளக்கும் சேற்றுப்புண். அந்தப் புண்ணுக்கு எந்த மிராசுதார் வண்டி கட்டிக் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்? ராத்திரி மருதாணியை அரைத்து அப்பிக்கொண்டு படுப்பாள். விடிந்தால் மறுபடி சேறு. குறுவை முடிந்தால் தாளடி, ஒருபோக வயலில் சம்பா. நெல் விளைகிற நாட்டில் நோய் விளைகிற விதம் இது. இப்படிப்பட்ட நாட்டில், கையில் நல்ல மருந்தோடு, முகத்தைப் பார்த்து நான்கு வார்த்தை பேசுகிற ஒரு வைத்தியர் எத்தனை பெரிய செல்வம்!

1890இல் பண்டிதர் ஆசிரிய வேலையை விட்டார். முழுநேர வைத்தியரானார். முப்பத்தோரு வயது. கையில் மாதச் சம்பளம் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் மதிப்பு இருக்கிறது, வீட்டில் பிள்ளைகள் பிறந்துகொண்டிருக்கிறார்கள். இந்த மண்டபத்தில் இருக்கும் தகப்பன்மார்களைக் கேட்கிறேன்: உங்கள் பிள்ளை வந்து, ‘அப்பா, கவர்ன்மெண்ட் எய்டட் ஸ்கூல் வேலையை விட்டுவிட்டு மூலிகை அரைக்கப்போகிறேன்’ என்றால் என்ன சொல்வீர்கள்? நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. அதைச் சொல்லாத ஒருவர் அந்த வீட்டில் இருந்தார். பொன்னம்மாள். மருந்துப் பணியில் கணவருக்குப் பக்கபலமாக நின்றவர். வைத்தியசாலை என்றால் ஏதோ பலகை மாட்டிய கட்டடம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்து வைத்தியசாலையின் பாதி, வீட்டுக்குள்தான் இருந்தது.

இனிக் கொஞ்சம் மருந்தைப் பற்றிப் பேசுவோம். இதில்தான் பண்டிதரின் புத்தி கூர்மை தெரிகிறது.

சித்த மருத்துவத்தில் அகமருந்து முப்பத்திரண்டு வகை, புறமருந்து முப்பத்திரண்டு வகை. ஒவ்வொரு வகைக்கும் ஆயுள் உண்டு. மருந்துக்கும் ஆயுளா என்று கேட்காதீர்கள். இன்று மாத்திரை அட்டையின் பின்னால் தேதி தேடுகிறோமே, அதுதான். எட்டொன்றாகக் குறுக்கி எடுத்த குடிநீர் ஒரு சாமம்தான் தாங்கும். மூன்று மணி நேரம். அரைத்த விழுதான கற்கத்துக்கும் அதே ஒரு சாமம்தான். சூரணத்துக்கு மூன்று மாதம். லேகியத்துக்கும் எண்ணெய்க்கும் ஆறு மாதம். மாத்திரைக்கு ஓராண்டு. செந்தூரம், பற்பம் என்று போனால் கணக்கு மனித ஆயுளையும் தாண்டிப் போகிறது.

இப்போது யோசியுங்கள். குடிநீர் காய்ச்சிக் கொடுக்கிற வைத்தியர் ஒரு தெருவுக்குத்தான் வைத்தியர். அடுத்த ஊருக்குப் போவதற்குள் மருந்து செத்துவிடும். மாத்திரை உருட்டுகிற வைத்தியரோ, ரங்கூனில் இருப்பவருக்கும் வைத்தியர். மாத்திரையின் ஓராண்டு ஆயுளுக்குள் கப்பல் எத்தனை முறை போய்வரும்! தஞ்சைக்கு 1861இலேயே நாகப்பட்டினத்திலிருந்து ரயில் வந்துவிட்டது. 1877இல் தபால் இலாகா வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது, பொருளை வீட்டு வாசலில் கொடுத்துக் காசை வாங்கிக்கொள்கிற முறை. நம் காவிரிக்கரைச் சனங்கள் பஞ்சத்துக்கும் கடனுக்கும் பயந்து பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போய்க்கொண்டிருந்த காலம். போன இடத்தில் காய்ச்சல் வந்தால் அவன் எந்த மருந்தைத் தேடுவான்? ஊர் மருந்தைத் தேடுவான். கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் அவனைத் தேடிக்கொண்டு இந்தியா முழுவதும், கடல் கடந்தும் போயின. நாகேஸ்வர ராவ் பம்பாயில் அமிர்தாஞ்சனம் தொடங்கியது 1893இல். அதற்கு மூன்று ஆண்டு முன்பே தஞ்சாவூரில் ஒரு வாத்தியார் வேலையை விட்டுவிட்டு மருந்தில் இறங்கிவிட்டார் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் மருந்துகளில் பெயர்பெற்றது கோரோசனை மாத்திரை. கோரோசனை என்பது மாட்டின் பித்தப்பையில் எப்போதாவது கிடைக்கும் கல். எல்லா மாட்டிலும் கிடைக்காது. தங்கத்துக்கு நிகரான விலை. அதனாலேயே போலிச் சரக்கு மலிந்த பண்டம். சரக்கைத் தேர்ந்து வாங்கவேண்டும். சுத்தி செய்யவேண்டும். கல்வத்தில் போட்டுச் சாறு விட்டு அரைக்கவேண்டும். அரைப்பது என்றால் அம்மியில் சட்னி அரைப்பதல்ல, சாமக்கணக்கு. ‘இரண்டு சாமம் அரை’ என்று ஏட்டில் இருந்தால் ஆறு மணி நேரம். குழவி ஓயக்கூடாது. கை மாறலாம், குழவி நிற்கக்கூடாது. மைபோல் ஆனபின் விரலில் ஒட்டாத பதம் பார்த்து, மிளகளவோ பயறளவோ உருட்டி, நிழலில் உலர்த்தவேண்டும். வெயிலில் வைத்தால் கெட்டது. பிறகு எதோடு கொடுப்பது? குழந்தைக்குத் தாய்ப்பாலில், சளிக்காரனுக்குத் தேனில், வயிற்றுக்கோளாறுக்கு வெந்நீரில். மாத்திரை ஒன்றுதான்; அனுபானம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு குன்றி எடை என்றால் 130 மில்லிகிராம். ஒரு பலம் என்றால் 35 கிராம். குன்றி பிசகினால் மருந்தே நஞ்சு.

இந்தக் கையைத்தான் நான் பார்க்கச் சொல்கிறேன். குன்றிமணி எடையில் பிசகாமல் இருபது ஆண்டு பழகிய கை. இந்தக் கைதான் பிறகு தந்தியை அளந்தது. ஒரு ஸ்தாயிக்குள் எத்தனை சுருதி என்ற கேள்வியைப் ‘பெரியவர்கள் சொன்னார்கள், அப்படியே வைத்துக்கொள்வோம்’ என்று அவர் விடவில்லை. கருணாமிர்த சாகரத்தைப் புரட்டுங்கள். பக்கம் பக்கமாகக் கணக்கு அட்டவணை. இருபத்திரண்டு சுருதி என்றவர்களின் கணக்கை வரிக்கு வரி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இருபத்துநான்கு என்றார். அவர் முடிவை ஒப்பாதவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் அந்தக் கணக்குப் பிடிவாதம் எங்கே பிறந்தது என்று கேட்டால், வைத்தியசாலையில் பிறந்தது என்று அடித்துச் சொல்வேன்.

மருந்து பெருகினால் மூலிகை வேண்டும். கடைச்சரக்கை நம்பினால் வைத்தியம் கடைக்காரன் கையில். ஆகவே 1899இல் தஞ்சை நகருக்கு வெளியே ஏறத்தாழ 100 ஏக்கர் நிலம் வாங்கி மூலிகைத் தோட்டம் போட்டார். அவர் வைத்த பெயர் கருணானந்தபுரம். ஊரார் வாயில் பண்டிதர் தோட்டம். நெல்லே சாமி, நெல்லே காசு என்றிருந்த சீமையில் ஒருவர் நூறு ஏக்கரை வாங்கி அதில் நெல் போடாமல் மூலிகை போடுகிறார் என்றால் அக்கம்பக்கத்து மிராசுதார்கள் என்ன பேசியிருப்பார்கள்! பேசியவர்கள் வாயை 1908 அடைத்தது. அந்த ஆண்டு சென்னை மாகாண ஆளுநர் சர் ஆர்தர் லாலியே தோட்டத்தைப் பார்க்க வந்தார். அடுத்த ஆண்டு அரசாங்கம் ராவ்சாகிப் பட்டம் கொடுத்தது. கவனியுங்கள், இந்தப் பட்டம் வந்தபோது கருணாமிர்த சாகரம் வெளிவரவில்லை. இசை மாநாடு ஒன்றுகூட நடக்கவில்லை. அந்தப் பட்டம் வாங்கியவர் வைத்தியர், தோட்டக்காரர்.

இனி வீட்டுக்குள் போவோம்.

1911இல் பொன்னம்மாள் இறந்துபோனார். ஏறத்தாழ முப்பது ஆண்டுத் துணை. பள்ளிக்கூடத்தில் கூட இருந்தவர், வைத்தியசாலையில் கூட இருந்தவர். பிறகு பாக்கியம்மாளை மணந்துகொண்டு குடும்பத்தை நடத்தினார் பண்டிதர். இந்த இடத்தில் பல வரலாற்று ஆசிரியர்கள் இரண்டு வரி எழுதிவிட்டு, ஓட்டமாக மாநாட்டுக்குப் போய்விடுவார்கள். எனக்கு அப்படிப் போக மனமில்லை. தாயை இழந்த பிள்ளைகள் இருந்த வீடு அது. அடுத்த ஆண்டே, 1912 மே மாதம், அந்த மனிதர் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, நாடெங்குமிருந்து வித்துவான்களைத் தஞ்சைக்கு அழைத்து மாநாடு நடத்துகிறார். அடுத்தடுத்து மாநாடுகள். எல்லாம் தன் கைப்பணம். வந்தவர்களுக்குச் சாப்பாடு, தங்கல், உபசாரம். அந்த வீட்டுப் பெண்கள் எத்தனை பந்தி பரிமாறியிருப்பார்கள் என்று மாநாட்டு நடவடிக்கைக் குறிப்பில் தேடாதீர்கள், கிடைக்காது.

ஆனால் அந்தப் பெண்களைப் பந்தியோடு நிறுத்தியவர் அல்லர் பண்டிதர். 1916 மார்ச்சில் பரோடாவில், மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாட் ஆதரவில் முதல் அகில இந்திய இசை மாநாடு கூடியது. இசை அறிஞர் பாத்கண்டே முன்னின்று கூட்டியது. அங்கே பண்டிதர் தம் சுருதிக் கொள்கையை எடுத்து வைத்தார். வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? பாடிக் காட்டவேண்டும், வாசித்துக் காட்டவேண்டும். யாரை அழைத்துப் போனார்? பெரிய வித்துவானையா? தம் மகள்கள் மரகதவல்லியையும் கனகவல்லியையும் அழைத்துப் போனார். வட இந்தியாவின் உஸ்தாதுகளும் பண்டிட்டுகளும் உட்கார்ந்திருந்த சபையில், தஞ்சாவூர் வைத்தியர் வீட்டுப் பெண்கள் தந்தையின் கணக்கைக் குரலிலும் வீணையிலும் மெய்ப்பித்துக் காட்டினார்கள்.

அது எந்தக் காலம் என்பதை மறந்துவிடாதீர்கள். குடும்பத்துப் பெண் சபையில் பாடுவதா என்று வீடே இரண்டுபட்ட காலம். பண்டிதர் மறைந்த அதே 1919இல் பிறந்தவர் டி.கே. பட்டம்மாள், அவர் சென்னையில் சபை மேடை ஏறியது 1930களில். அதற்குப் பதினைந்து ஆண்டு முன்னால், ஆயிரம் மைல் ரயிலில் மகள்களைக் கூட்டிக்கொண்டு போன அப்பா இவர். இருபத்துநான்கு சுருதியை ஒப்புகிறவர்கள் ஒப்பட்டும், மறுக்கிறவர்கள் மறுக்கட்டும். மகள்களை அந்த மேடையில் உட்காரவைத்த தகப்பனை யார் மறுக்க முடியும்?

1917இல் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. ஆயிரத்து முந்நூறு பக்கங்களுக்கு மேல். அச்சிட்டது யார்? அவருடைய சொந்த லாலி மின்சார அச்சுக்கூடம். அச்சுக்கூடம் எதிலிருந்து வந்தது? மருந்துப் பணத்திலிருந்து. தாள், மை, எழுத்துக்கோப்பவர் கூலி எல்லாம்? மருந்துப் பணம். மாநாட்டுச் சாப்பாடு? மருந்துப் பணம். பரோடா ரயில் கட்டணம்? அதுவும் மருந்துப் பணம். ரங்கூனிலும் கொழும்பிலும் யாரோ ஒரு தமிழன் வயிற்றுவலிக்கு வாங்கிய மாத்திரை, தஞ்சாவூரில் இசை நூலாக அச்சேறியது. தமிழ் இசை ஆராய்ச்சிக்குப் புரவலர் யார் என்று யாராவது கேட்டால், பெயர் தெரியாத அந்த நோயாளிகள் என்று சொல்லுங்கள்.

இங்கே ஒரு பேச்சை உடைத்துப் பேசவேண்டியிருக்கிறது. அவர் மருந்து எல்லா நோயையும் தீர்த்தது என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்கிற மேடைகளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். சித்த மருத்துவத்தைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு, ‘புற்றுநோயா, இதோ’ என்று யூடியூபில் கூவுகிறவர்கள் பண்டிதரின் வாரிசுகள் அல்லர். எதையும் அளந்து பார், கணக்குப் போட்டுப் பார், வித்துவான்களைக் கூட்டி எதிர்க்கேள்வி கேட்கச் சொல் என்று இசையில் நடந்துகொண்டவர் அவர். அவர் வழி வைத்தியத்துக்கும் அதுதான். சோதித்துப் பார்த்து நிற்பது நிற்கட்டும், நிற்காதது போகட்டும்.

அவருக்குப் பின் என்ன ஆனது? வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் மறைந்து இரண்டு ஆண்டில், 1921இல், சென்னை அரசாங்கம் நாட்டு வைத்தியத்தை ஆராய உஸ்மான் குழுவை அமைத்தது. அந்தக் குழுவுக்கு முன்னால் சாட்சி சொல்ல அவர் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு ஏக்கம் உண்டு. 1964இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி வந்தது. அவர் பிறந்த சீமைக்குப் பக்கத்திலேயே. கருணாமிர்த சாகரத்தின் இரண்டாம் பகுதியை 1946இல் குடும்பத்தார் வெளிக்கொண்டுவந்தார்கள். மகன் வரகுணபாண்டியன் ‘பாணர் கைவழி’ என்ற யாழ் நூலை 1950இல் வெளியிட்டார். அவர் வழிவந்த தனபாண்டியன் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இசை ஆய்வு செய்தார். இசைச் சங்கிலி அறாமல் வந்துவிட்டது. வைத்தியச் சங்கிலி? அதைப் பற்றி ஒரு நூல் உண்டா? தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் சாலை இருக்கிறது. அந்தச் சாலையில் தினமும் போகிற ஆட்டோத் தம்பியை நிறுத்தி, ‘பண்டிதர் யார்?’ என்று கேளுங்கள். பாட்டு வாத்தியார் என்று சொன்னால் பாதி மதிப்பெண் கொடுங்கள்.

இது பண்டிதர் ஒருவருக்கு நேர்ந்த மறதி அல்ல. இந்தக் காவிரிச் சீமைக்கே இந்த மறதி உண்டு. கோயில் கட்டியவனை நினைப்போம், கச்சேரி செய்தவனை நினைப்போம், தேர்தலில் நின்றவனைக்கூட நினைப்போம். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவனை அவன் சாவுக்கு மறுவாரம் மறந்துவிடுவோம். 2020 ஜூனில் பட்டுக்கோட்டையில் டாக்டர் கனகரத்தினம் காலமானார். தொண்ணூற்றாறு வயது. ஊர் அவரைப் பத்து ரூபாய் டாக்டர் என்றே கூப்பிட்டது, வாங்கிய கட்டணத்தைக்கொண்டே. கொரோனா ஊரடங்கு நேரம். பத்திரிகைகள் ஒரு நாள் எழுதின. அதோடு சரி. அவருடைய நோயாளிகளைக் கண்டு, அவர்கள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதிவைக்க நமக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும்? அவர் பிரசவம் பார்த்துப் பிறந்த பிள்ளைகளே இன்று தாத்தா பாட்டி ஆகிவிட்டார்கள். இப்போது கேட்டாலும் சொல்வார்கள். இன்னும் பத்து ஆண்டு போனால் யாரைக் கேட்பீர்கள்?

ஆகவே இந்த மண்டபத்தில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள் வைத்துவிட்டு அமர்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் பழைய டிரங்குப் பெட்டி இருக்கும். அதில் உங்கள் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ கருணாநிதி வைத்தியசாலைக்கு எழுதிய கடிதத்தின் படி இருக்கலாம். வி.பி.பி. ரசீது இருக்கலாம். மருந்துப் பட்டியல், விலைப்பட்டியல், லேபிள் ஒட்டிய குப்பி, பத்தியம் எழுதிய காகிதம், எண்ணெய் ஏறிய வைத்திய ஏடு எதுவேண்டுமானாலும் இருக்கலாம். பழைய பேப்பர்க்காரனுக்கு எடைக்குப் போடாதீர்கள். தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறை இருக்கிறது, சித்த மருத்துவத் துறை இருக்கிறது. சரசுவதி மகால் இருக்கிறது. எங்கேயாவது ஓரிடத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்க மனமில்லையா, படம் எடுக்கவாவது அனுமதி கொடுங்கள். மாணவத் தம்பிகளே, தங்கைகளே, உங்களில் ஒருவர் அந்தக் காகிதங்களை வைத்து, பண்டிதரின் இசையை அல்ல, அவருடைய வைத்தியத்தை ஆராய்ந்து ஒரு புத்தகம் எழுதுங்கள். எழுதத் தொடங்குகிறவர் யாராக இருந்தாலும் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வந்து என்னைப் பாருங்கள். என்னிடம் உள்ளதை முதலில் நான் தருகிறேன்.